பழைய விளையாட்டுகளுக்கான கணினியும் அதன் பாகங்களும்

1980களின் பிற்பகுதியிலிருந்து 1990களின் இறுதி வரை வெளிவந்த கணினி விளையாட்டுகளை, அந்தக் காலத்துப் பாகங்களைக் கொண்டே மீண்டும் ஆடுவதற்காக அமைக்கப்படும் கணினி ரெட்ரோ கணினி எனப்படுகிறது. புதிய கணினி வாங்குபவர் வேகமும் நினைவகமும் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும் என்று பார்ப்பார். ரெட்ரோ கணினி அமைப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. 1990ஆம் ஆண்டு விளையாட்டு ஒன்றுக்கு 1998ஆம் ஆண்டுச் செயலி பல வேளைகளில் தடையாகிவிடும். விலை உயர்ந்த ஒலி அட்டை ஒன்று ஊமையாக இருக்க, அதைவிட மலிவான அட்டை அதே விளையாட்டில் அழகாகப் பாடும். எனவே பாகங்களைத் தெரிவு செய்பவர் முதலில் அவற்றின் வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வன்பொருளோடு நேரடியாகப் பேசிய விளையாட்டுகள்

ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகப்படுத்தியது. அதிலிருந்த இன்டெல் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அலுவலக வேலையை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட கணினி என்பதால் ஒலிக்கு ஒரு சிறிய ஸ்பீக்கர் மட்டுமே இருந்தது. பிழை நேர்ந்தால் "பீப்" என்று ஒலிக்க அது போதும். அதனுடன் வந்த டாஸ் இயக்குதளம் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவியது. இசை ஒலிக்கவோ, படங்களை விரைவாக நகர்த்தவோ அதில் வசதி இல்லை.

ஆகவே விளையாட்டு எழுதியவர்கள் இயக்குதளத்தை ஒதுக்கிவிட்டுப் பாகங்களுக்கு நேரடியாகக் கட்டளையிட்டனர். இந்த முகவரியில் இந்த எண்ணை எழுதினால் இந்தச் சில்லு இந்தச் சுரத்தை ஒலிக்கும் என்பது விளையாட்டின் நிரலுக்குள்ளேயே இருக்கும். இன்று அச்சுப்பொறி, ஒலி அட்டை எதுவானாலும் அதற்குரிய இயக்கி நிரலை நிறுவினால் எல்லா மென்பொருளும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். டாஸ் காலத்தில் அப்படி இல்லை. 1991இல் வெளிவந்த ஒரு விளையாட்டுக்கு நான்கைந்து ஒலி அட்டைகள்தான் தெரியும். உங்களிடம் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் ஒலி இல்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95உம், அதையொட்டி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் நிரல் தொகுப்பும் இந்த நிலையைப் படிப்படியாக மாற்றின. அதற்கு முந்தைய விளையாட்டுகளுக்கு வன்பொருள்தான் வாத்தியம், வன்பொருள்தான் மேடை.

வேகம் கூடினால் வரும் தொல்லை

தொடக்ககால விளையாட்டுகள் பலவற்றில் நேரத்தை அளக்கும் பகுதியே கிடையாது. கணினியால் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக அடுத்த காட்சியை வரைந்துகொண்டே போகும். அன்றைய கணினியின் மெதுவான போக்கே கடிகாரமாக அமைந்தது. ஆரிஜின் சிஸ்டம்ஸ் 1990இல் வெளியிட்ட விங் கமாண்டர் இதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு. 386 கணினியில் சீராக நடக்கும் விண்வெளிப் போர், வேகமான 486 கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

அந்நாளைய கணினிப் பெட்டிகளின் முகப்பில் இருந்த "டர்போ" பொத்தான் இதற்காகவே வந்தது. பெயரைப் பார்த்து அது வேகத்தைக் கூட்டும் பொத்தான் என்று நினைத்தவர்கள் பலர். கணினி இயல்பாகவே முழு வேகத்தில் ஓடும். பொத்தானை விடுவித்தால் பழைய மென்பொருளுக்கு ஏற்றபடி வேகம் குறையும். அதன் உண்மையான பயன் வேகக்குறைப்புதான்.

வேறு வகைச் சிக்கலும் உண்டு. போர்லண்ட் நிறுவனத்தின் டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட நிரல்கள், தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு ஏறத்தாழ 55 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். 1997ஐ ஒட்டி வந்த வேகமான செயலிகளில் எண்ணிக்கை மிகப் பெரிதாகி, ஈவு 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போயிற்று. நிரல் "பிழை 200" என்று சொல்லி நின்றுவிடும். எழுதியவர் தவறு செய்யவில்லை. கணினி இவ்வளவு வேகமாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

இதனால் ரெட்ரோ கணினிக்குச் செயலி தேடுபவர்கள் வேகத்தைக் குறைக்க வழியுள்ள செயலியை விரும்புகின்றனர். 1997 ஜனவரியில் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் செயலியில் உள்ளிருக்கும் இடைமாற்று நினைவகத்தை அணைத்துவிட்டால் அது ஏறத்தாழ 386 அளவுக்கு மெதுவாகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் கே6-2+ போன்ற செயலிகளில் கடிகாரப் பெருக்கியையே மென்பொருள் வழியாக மாற்றலாம். மடிக்கணினிகளுக்காக மின்சாரத்தைச் சேமிக்கச் செய்யப்பட்ட வசதி, பல ஆண்டுகள் கழித்துப் பழைய விளையாட்டுக்காரர்களுக்குப் பயன்படுகிறது.

ஒலி அட்டை

பாகங்களில் மிகக் கடினமான தெரிவு இதுவே. மற்றவை தவறினால் விளையாட்டு மெதுவாகும் அல்லது நின்றுவிடும். ஒலி அட்டை தவறினால் விளையாட்டு ஓடும், ஆனால் இசையமைத்தவர் கேட்ட இசை நம் காதுக்கு வராது.

கனடாவின் கியூபெக் நகரில் இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரெவெல் தொடங்கிய ஆட்லிப் நிறுவனம் 1987இல் ஓர் ஒலி அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மையம் யமஹாவின் ஒய்எம்3812 என்ற சில்லு. ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலியை உருவாக்கும் எஃப்எம் முறையில் அது ஒரே நேரத்தில் ஒன்பது குரல்களை எழுப்பும். சியரா நிறுவனம் 1988இல் கிங்ஸ் குவெஸ்ட் 4 விளையாட்டில் இந்த அட்டைக்கும், ரோலண்ட் நிறுவனத்தின் எம்டி-32 என்ற இசைப் பெட்டிக்கும் இசை அமைத்து வெளியிட்டது. "பீப்" ஒலி கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது புதிய அனுபவம்.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் நிறுவனமும் இசை அட்டை ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. 1981இல் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் கணினி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் முதல் இசை அட்டை பெரிதாக விலைபோகவில்லை. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் கிரியேட்டிவ் மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்தது. ஆட்லிப்பில் இருந்த அதே யமஹா சில்லை வைத்ததால், ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட எல்லா விளையாட்டும் இதிலும் பாடின. பதிவு செய்த குரலையும் வெடியோசையையும் ஒலிக்கும் வசதி கூடுதலாக இருந்தது. ஜாய்ஸ்டிக் இணைக்கும் வாயும் அதே அட்டையில் இருந்தது. அதற்கென்று தனி அட்டை வாங்கத் தேவையில்லை. ஆட்லிப் 1992இல் நொடித்துப்போனது. சவுண்ட் பிளாஸ்டர் எழுதப்படாத பொதுத் தரமாயிற்று. போட்டி நிறுவனங்களும் தங்கள் அட்டைப் பெட்டியின் மேல் "சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒத்தது" என்று அச்சிட்டு விற்க வேண்டியதாயிற்று.

அந்த "ஒத்தது" என்ற சொல்லில்தான் இன்றைய தேடுபவரின் சிக்கல் முழுவதும் இருக்கிறது. கிரியேட்டிவ் நிறுவனத்தின் அட்டைகளே ஒன்றுக்கொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. 1991இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் புரோ அட்டைக்காக இரட்டைத்தட ஒலியில் எழுதப்பட்ட விளையாட்டு, 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டையில் ஒற்றைத்தடமாகவே கேட்கும். சவுண்ட் பிளாஸ்டர் 16இன் பல பதிப்புகளில் வெளி இசைப் பெட்டியை இணைத்தால் சில சுரங்கள் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும் கோளாறும் உண்டு. பின்னாளில் செலவைக் குறைக்க யமஹா சில்லுக்குப் பதிலாகக் கிரியேட்டிவ் தன் சொந்த ஒலியாக்கியை வைத்தது. பெயரும் பெட்டியும் அதேதான். காது பழகியவர்கள் உலோகத் தன்மையான அந்த வேறுபாட்டை உடனே கண்டுகொள்கின்றனர். எனவே விவரம் தெரிந்தவர்கள் அட்டையின் பெயரைப் படிப்பதோடு நிற்காமல், பலகையில் பதிந்துள்ள சில்லின் எண்ணைப் படிக்கின்றனர். யமஹாவின் ஒய்எம்எஃப்262 இருந்தால் நல்லது. யமஹாவே பின்னர் செய்த ஒய்எம்எஃப்719 சில்லு உள்ள மலிவான அட்டைகளும், இஎஸ்எஸ் நிறுவனத்தின் ஆடியோடிரைவ் அட்டைகளும் புகழ்பெற்ற பெயர் இல்லாததால் நெடுங்காலம் குப்பையில் கிடந்தன. டாஸ் விளையாட்டுகளுக்கு அவை பல புகழ்பெற்ற அட்டைகளைவிடப் பொருத்தமானவை.

ரோலண்ட் எம்டி-32 தனிக் கதை. இசைக்கலைஞர்களுக்காக 1987இல் செய்யப்பட்ட அந்தப் பெட்டி விலை கூடியது; வீட்டில் வைத்திருந்தவர் மிகச் சிலர். ஆயினும் அக்காலத்து விளையாட்டு இசை பல அதில்தான் இயற்றப்பட்டு, பின்னர் ஆட்லிப்புக்காக எளிமையாக்கப்பட்டது. அதன் சிறிய திரையில் விளையாட்டுகள் வாசகங்களைக் காட்டும் குறும்பும் உண்டு. ஆனால் இதை இணைக்கும் எம்பியு-401 என்ற இடைமுகத்தின் முழுமையான பயன்முறையைப் பல பழைய விளையாட்டுகள் எதிர்பார்க்கின்றன. சவுண்ட் பிளாஸ்டர் 16இல் இருப்பது அதன் பாதி மட்டுமே. பெட்டியை வாங்கிவிட்டு ஒலி வரவில்லை என்று திகைப்பவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றனர்.

இவை எல்லாவற்றுக்கும் தாய்ப்பலகையில் ஐஎஸ்ஏ ஸ்லாட் இருக்க வேண்டும். 1984இல் ஐபிஎம் ஏடி கணினியோடு 16 பிட்டாக விரிந்த இந்த இணைப்பு முறை, 1990களின் இறுதியில் வழக்கொழிந்தது. அதற்குப் பின் வந்த பிசிஐ ஒலி அட்டைகள் டாஸ் விளையாட்டுகளிடம் சவுண்ட் பிளாஸ்டர்போல் நடிக்கத் தனி நிரலை ஏற்ற வேண்டும். நடிப்பு எப்போதும் எடுபடுவதில்லை. எனவே தாய்ப்பலகை தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நீண்ட கறுப்பு ஸ்லாட் இருக்கிறதா என்பதைத்தான்.

படம்: விஜிஏவிலிருந்து வூடூ வரை

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறையில் 320க்கு 200 புள்ளிகளும் 256 நிறங்களும் கொண்ட காட்சி முறை ஒன்று இருந்தது. டாஸ் விளையாட்டுகளின் பொற்காலம் பெரும்பாலும் அந்தச் சிறிய சட்டத்துக்குள் நிகழ்ந்தது. அது நான்குக்கு மூன்று அளவிலான பழைய குழாய்த் திரையில் காட்டப்பட்டதால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூடியதாக இருக்கும். இன்றைய தட்டைத் திரையில் புள்ளிகளைச் சதுரமாகக் காட்டினால் மனிதர்கள் குள்ளமாகவும் நிலா முட்டை வடிவிலும் தெரிவது இதனால்தான். இயன்றவர்கள் கண்ணாடிக் குழாய்த் திரையையே தேடுகின்றனர்.

1993 டிசம்பர் 10 அன்று இட் சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் விளையாட்டுக்கு 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தால் தொடங்கும். சீராக ஓட 66 மெகாஹெர்ட்ஸ் 486 வேண்டும். அதே நிறுவனம் 1996இல் வெளியிட்ட குவேக், செயலிகளின் மதிப்பையே மாற்றிவிட்டது. குவேக்கின் நிரல், பென்டியம் செயலியின் ஓர் இயல்பைப் பயன்படுத்திக்கொண்டது. தசம எண் வகுத்தல் ஒரு பக்கம் நடக்கும்போதே முழு எண் கணக்கும் தொடரும் என்பதே அந்த இயல்பு. அலுவலக வேலையில் பென்டியத்துக்கு ஈடுகொடுத்த, விலை குறைந்த சைரிக்ஸ் 6x86 செயலி, குவேக்கில் பின்தங்கியது. ஒரு விளையாட்டு எழுதப்பட்ட விதம் ஒரு செயலி நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

1996இல்தான் கலிபோர்னியாவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ கிராஃபிக்ஸ் சில்லுகளை வெளியிட்டது. முதலில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்குச் சென்ற இவை, நினைவகச் சில்லுகளின் விலை அந்த ஆண்டு சரிந்ததால் வீட்டுக் கணினிக்கும் வந்தன. வூடூ அட்டைக்கு முப்பரிமாணப் படம் மட்டுமே வரையத் தெரியும். சாதாரணத் திரையைக் காட்ட இன்னொரு வரைகலை அட்டை வேண்டும். அதன் வெளியீட்டை ஒரு குறுகிய கம்பி வழியாக வூடூவுக்குள் செலுத்தி, அங்கிருந்து திரைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் அட்டை தரமற்றதாக இருந்தால் அல்லது கம்பி மோசமாக இருந்தால் எழுத்துகள் மங்கும். இன்றும் வூடூ வாங்குபவர்கள் இந்தக் கம்பியை மறந்துவிட்டு வருந்துகின்றனர்.

3டிஎஃப்எக்ஸ் தன் அட்டைகளுக்கென்றே கிளைடு என்ற நிரல் இடைமுகத்தை உருவாக்கியிருந்தது. கிளைடுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் வேறு அட்டையில் அந்த அழகோடு ஓடா. டாஸில் இயங்கும் சில கிளைடு விளையாட்டுகள் 1998இன் வூடூ 2 அட்டையைக்கூட ஏற்பதில்லை. முதல் வூடூதான் வேண்டும். அந்த நிறுவனமோ, எஸ்டிபி என்ற அட்டைத் தயாரிப்பு நிறுவனத்தை வாங்கித் தானே அட்டை செய்து விற்கத் தொடங்கியது. அதுவரை அதன் சில்லுகளை வாங்கிய மற்ற நிறுவனங்கள் என்விடியா பக்கம் திரும்பின. 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை வாங்குவதாக என்விடியா அறிவித்தது. தாயற்றுப்போன அந்த அட்டைகளுக்கு இன்று பழைய கணினிச் சந்தையில் தனி மதிப்பு.

நினைவகமும் சேமிப்பும்

8088 செயலியால் ஒரு மெகாபைட் வரை மட்டுமே முகவரியிட முடிந்தது. அதில் மேற்பகுதி வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டதால் நிரல்களுக்கு 640 கிலோபைட் மிஞ்சியது. பின்னாளில் எத்தனை மெகாபைட் பொருத்தினாலும் டாஸ் விளையாட்டுகள் பல இந்த 640க்குள்தான் நெருக்கியடித்து உட்கார்ந்தன. சுட்டிக்கும் குறுவட்டுக்கும் உரிய இயக்கி நிரல்களை எங்கே ஒதுக்குவது என்று கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திருத்தித் திருத்தியே ஒரு தலைமுறை கணினி கற்றது. 1992இன் அல்டிமா 7 விளையாட்டு, தனக்கென ஒரு நினைவக மேலாண்மை முறையை வைத்திருந்ததால் இஎம்எம்386 நிரல் இருந்தாலே ஓட மறுத்தது.

நினைவகம் கூடினாலும் தொல்லை உண்டு. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் கொண்ட பென்டியம் தாய்ப்பலகையில் முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டுமே இடைமாற்று நினைவகம் துணை நிற்கும். அதற்கு மேல் பொருத்தினால் கணினி மெதுவாகலாம். வன்தட்டுக்குப் பதிலாகக் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையைப் பயன்படுத்துவது இப்போது வழக்கம். அதன் மின்னிணைப்பு பழைய ஐடிஇ வன்தட்டோடு ஒத்துப்போவதால் எளிய மாற்றி ஒன்று போதும். பழைய 486 பலகைகள் ஏறத்தாழ 528 மெகாபைட்டுக்கு மேல் அடையாளம் காணாதவை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்தக் காலத்தைத் தேர்வது

எல்லா விளையாட்டுக்கும் ஒரே கணினி என்ற ஆசை நிறைவேறுவதில்லை. 1992க்கு முந்தைய விளையாட்டுகளில் ஈடுபாடு உள்ளவருக்கு, டர்போ பொத்தானோடு கூடிய 386 அல்லது மெதுவான 486 போதும். டூம் முதல் குவேக் வரையிலான ஆண்டுகளுக்கு, ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகள் உள்ள பென்டியம் எம்எம்எக்ஸ் கணினிதான் மிகவும் இணக்கமானது. வேகத்தைக் குறைத்தால் பின்னோக்கியும் கொஞ்சம் போகலாம். வூடூ காலத்தையும் விண்டோஸ் 98ஐயும் விரும்புபவர்கள், 1998இல் வந்த இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் பலகையில் ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ளதைத் தேடுகின்றனர். முதன்முறையாக அமைப்பவர் நடுவில் சொன்ன பென்டியத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அதன் பாகங்கள் 486 பாகங்களைவிட எளிதில் கிடைக்கும்.

இவ்வளவு சிரமம் தேவையா என்று கேட்கலாம். 2002இல் வெளிவரத் தொடங்கிய டாஸ்பாக்ஸ் என்ற ஒப்புருவாக்கி, இந்தக் கணினிகள் அனைத்தையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டுகிறது. விளையாட மட்டும் விரும்புபவருக்கு அது போதும் என்பதே நேர்மையான பதில். ஆனால் அந்த நடிப்பு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க உண்மைப் பாகம் எங்காவது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். யமஹா சில்லின் மேலுறையை நீக்கி, உள்ளே பதிந்திருந்த எண் அட்டவணைகளை நுண்ணோக்கியில் படித்த பின்னரே அதன் ஒலியை மென்பொருளால் துல்லியமாகப் பின்பற்ற முடிந்தது.

அழியும் பாகங்கள்

386, 486 தாய்ப்பலகைகளின் பெரும் எதிரி அவற்றின் மீதே பற்றவைக்கப்பட்டுள்ளது. தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைக்கும் பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் மின்கலம் அது. ஆண்டுகள் கழிந்து அதிலிருந்து கசியும் காரத்தன்மையுள்ள திரவம், பலகையின் செப்புத் தடங்களை அரித்து, அருகிலுள்ள விசைப்பலகை இணைப்பு வரை பரவுகிறது. இயக்காமல் பரணில் வைத்திருந்தாலும் கசிவு நிற்காது. பழைய பலகை கைக்கு வந்ததும், அது இயங்குகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அந்த மின்கலத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். கசிந்திருந்தால் வினிகரால் துடைத்து, பின்னர் தூய நீராலும் ஆல்கஹாலாலும் கழுவி உலர்த்துவர். அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாக இணைப்பர். வேறு சில பலகைகளில் டல்லாஸ் என்று பொறித்த கறுப்புக் கடிகாரச் சில்லுக்குள்ளேயே மின்கலம் புதைந்திருக்கும். அது தீர்ந்தால் சில்லின் மேற்பகுதியை அராவித் திறந்து, வெளியே ஒரு சிஆர்2032 மின்கலத்தை இணைக்கின்றனர். 1999க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் பலகைகளில், தரமற்ற மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் உப்பி வெடிப்பது தனித் தொல்லை.

பவர் சப்ளையிலும் கவனம் வேண்டும். பழைய ஏடி வகைப் பலகைக்கு மின்சாரம் இரண்டு தனித்தனி இணைப்பிகளில் வருகிறது. இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்குமாறு செருக வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை அந்த நொடியே வீணாகலாம். புதிய பவர் சப்ளையை மாற்றியோடு பயன்படுத்துபவர்கள், சில பழைய ஐஎஸ்ஏ அட்டைகளுக்குத் தேவையான எதிர்மறை 5 வோல்ட் அதில் வருவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஒலி அட்டைகளின் தட்டுப்பாட்டை ஓரளவு தணிக்க ஆர்வலர்கள் புதிய அட்டைகளைச் செய்யத் தொடங்கியிருக்கின்றனர். ராஸ்பெரி பை பிகோ என்ற மலிவான சில்லுப் பலகையை ஐஎஸ்ஏ அட்டையில் பொருத்தி, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் போன்ற அரிய அட்டைகளாக நடக்கச் செய்யும் பிகோகஸ் அவற்றுள் ஒன்று. தாய்ப்பலகைக்கு இந்த வழி அவ்வளவு எளிதாக இல்லை. 386, 486 காலத்துச் சிப்செட்டுகளை உருவாக்கிய நிறுவனங்கள் பல இன்று இல்லை. சில்லுகள் உற்பத்தியிலும் இல்லை. கசிந்த மின்கலத்தோடு பழைய இரும்புக் கடைக்குப் போகும் பலகையிலிருந்து தங்கம் பூசிய முனைகளுக்காகச் செயலியைப் பிடுங்கிக்கொண்டு மீதியை உடைத்துவிடுவது இன்றும் நடக்கிறது.